'கௌபாய் கார்ட்டர்' கன்ட்ரி ஆல்பமா, இல்லையா? ஒரே கேள்விக்கு நான்கு பதில் வந்தது ஏன்

2025 பிப்ரவரி 2-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கிராமி விழாவில், அமெரிக்கப் பாப் பாடகி பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான விருதை வாங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பெரிய விருதும் அன்றிரவு அவருக்கே கிடைத்தது. ஆனால் அதற்கு இரண்டரை மாதம் முன்பு கன்ட்ரி இசைத் துறை தனக்கென்று நடத்தும் விருது விழாவில் இதே ஆல்பத்துக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை.

குழப்பம் இதோடு நிற்கவில்லை. ஆல்பத்துக்கு முன்னோட்டமாக வந்த 'டெக்சஸ் ஹோல்டெம்' பாடல், பில்போர்ட் என்ற இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. கன்ட்ரி வானொலி நிலையங்களின் பட்டியலில் அதே பாடல் முதல் 30 இடத்துக்குள்கூட நுழையவில்லை. இதற்கெல்லாம் முன்பே, ஆல்பம் வெளிவர பத்து நாள் இருக்கும்போது, "இது கன்ட்ரி ஆல்பம் இல்லை, இது பியான்சே ஆல்பம்" என்று பாடகியே இன்ஸ்டாகிராமில் எழுதிவிட்டார்.

அப்படியானால் யார் சொல்வது சரி? இதற்குப் பதில் தேட, 'கன்ட்ரி' என்ற பெயர் எதைக் குறிக்கிறது, அது எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தகராறின் வேர் 1920-களில் இருக்கிறது.

முதலில், கன்ட்ரி என்றால் என்ன?

தமிழில் இதை 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அந்த மொழிபெயர்ப்புதான் முதல் குழப்பம். வயல்வேலையிலும் திருவிழாவிலும் தானாகப் பிறந்து, யார் எழுதியது என்று தெரியாமல் வாய்வழி வந்த பாட்டைத்தான் நாம் நாட்டுப்புறப் பாட்டு என்கிறோம். அமெரிக்காவில் அதற்கு 'ஃபோக்' என்று தனிப்பெயர் உண்டு. கன்ட்ரி என்பது அந்தப் பாட்டுகளிலிருந்து கிளைத்து, இசைத்தட்டுக் கம்பெனிகளும் வானொலி நிலையங்களும் வளர்த்தெடுத்த தொழில்முறை இசை. அதற்குத் தலைநகரே உண்டு, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம். பாட்டெழுதுபவர், வாத்தியக்காரர், ஸ்டூடியோ, பதிப்பகம், விருது என்று நம் கோடம்பாக்கத்தைப் போல ஒரு முழுத் தொழிலும் அங்கே ஒரே ஊரில் குடியிருக்கிறது.

கேட்டதும் இனம் கண்டுகொள்ளச் சில அடையாளங்கள்:

1. வாத்தியங்கள்: அக்கூஸ்டிக் கிட்டார், பேஞ்சோ, ஃபிடில், ஸ்டீல் கிட்டார். ஃபிடில் வேறொன்றுமில்லை, வயலின்தான். நம் கச்சேரி மேடைகளிலும் அதைப் பிடில் என்று சொன்ன காலம் இருந்தது. ஸ்டீல் கிட்டாரில் தந்தியை விரலால் அழுத்தாமல் ஓர் உலோகத் துண்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். அந்த அழுகை கலந்த ஒலி ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது.

2. சொல்லும் முறை: பாட்டு ஒரு கதையாக நகரும். வேலை, குடும்பம், குடி, துரோகம், கடவுள், சொந்த ஊர் என்று பொருள்கள் வரும். உவமைகள் எளிமையாக இருக்கும்.

3. குரல்: தென்மாநிலங்களின் இழுப்புப் பேச்சு பாட்டிலும் கேட்கும்.

இந்த மூன்றும் ஒலி சார்ந்த அடையாளங்கள். ஆனால் 'கன்ட்ரி' என்ற பெட்டியைச் செய்தவர்கள் ஒலியை அளந்து அதைச் செய்யவில்லை.

வாங்குபவரின் நிறத்தைப் பார்த்து ஒட்டிய பெயர்

1920-இல் ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனி, மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் 'கிரேஸி புளூஸ்' பாட்டை வெளியிட்டது. விற்பனை எல்லாரையும் திகைக்க வைத்தது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கென்று தனி வரிசை தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. ரேஸ் என்றால் இனம்.

மூன்று ஆண்டு கழித்து, 1923-இல், அதே கம்பெனியின் ரால்ஃப் பீர் அட்லாண்டாவுக்குப் போய் ஃபிடில் வாசித்துப் பாடும் ஜான் கார்சன் என்ற வெள்ளையரைப் பதிவு செய்தார். பீருக்கு அந்தப் பாட்டு துளியும் பிடிக்கவில்லை. உள்ளூர் வியாபாரி கேட்டதற்காக 500 தட்டு மட்டும் அடித்துக் கொடுத்தார்கள். அத்தனையும் சட்டென்று விற்றுப்போயிற்று. உடனே தெற்கத்திய வெள்ளையருக்கென்று இன்னொரு வரிசை பிறந்தது. அதற்கு 'ஹில்பில்லி' என்று பெயர் விழுந்தது. மலைக்காட்டு ஆள் என்பதுபோல ஏளனம் கலந்த சொல் அது.

நிஜத்தில் அந்தத் தென்மாநிலங்களில் இரண்டு நிறத்தவரும் ஒரே பாட்டுகளை, ஒரே வாத்தியங்களில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பின ஃபிடில்காரர்கள் வெள்ளையர் வீட்டு நடன விருந்துகளில் வாசித்தார்கள். வெள்ளையர்கள் கறுப்பினத்தவரின் புளூஸ் பாட்டுகளைப் பாடினார்கள். 'கன்ட்ரி இசையின் தந்தை' என்று அழைக்கப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930-இல் பதிவு செய்த ஒரு 'புளூ யோடல்' பாட்டில் ட்ரம்பெட் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். கடையில் தட்டை எந்த அலமாரியில் வைப்பது என்ற வியாபாரக் கணக்குதான் ஒரே இசையை இரண்டாகப் பிரித்தது.

1949-இல் பில்போர்ட் பத்திரிகை தன் பட்டியல்களின் பெயரை மாற்றியது. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' அன்றிலிருந்து 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆயிற்று. இன்னொரு பக்கம், ஹில்பில்லி பாட்டுகளுக்கான பட்டியல் 'ஃபோக்' என்றிருந்தது, 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆயிற்று. பெயர் கௌரவமாகிவிட்டது. அலமாரி அதேதான். இன்றைய ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸின் சுருக்கம்) பட்டியலும் கன்ட்ரி பட்டியலும் அந்த இரண்டு அலமாரிகளின் வாரிசுகள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேஞ்சோவின் ஐந்தாவது தந்தி

இந்தப் பிரிவினை எவ்வளவு செயற்கையானது என்பதற்கு ஒரு வாத்தியமே போதும். (நம்மூரில் சிலர் புல்புல்தாராவையும் பேஞ்சோ என்பார்கள். இது அது அல்ல.)

அமெரிக்க பேஞ்சோ என்பது, பறையைப் போல ஒரு வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, அதன்மேல் நீளக் கழுத்து பொருத்திய தந்தி வாத்தியம். தந்திகள் ஐந்து. அவற்றில் நான்கு கழுத்தின் உச்சிவரை போகின்றன. ஐந்தாவது மட்டும் குட்டை. கழுத்தின் பாதியில், பக்கவாட்டில் தனி முளையில் சுற்றியிருக்கும். அந்தக் குட்டைத் தந்தியில் ராகம் வாசிப்பதில்லை. கட்டைவிரல் அதை இடையிடையே தொட்டுக்கொண்டே இருக்கும், ஒரே சுரம் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். பேஞ்சோவின் அந்தக் குதிரை ஓட்டம் போன்ற தாளம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல், காம்பியா பகுதியில் வாழும் ஜோலா மக்களிடம் 'அகோன்டிங்' என்றொரு வாத்தியம் இருக்கிறது. சுரைக்குடுக்கை, அதன்மேல் தோல், மூன்று தந்தி. அதிலும் ஒரு தந்தி குட்டை. அதையும் கட்டைவிரல்தான் மீட்டுகிறது. நகத்தால் கீழ்நோக்கி அடித்துக் கட்டைவிரலால் முடிக்கும் வாசிப்பு முறையும் பழைய பேஞ்சோ வாசிப்பும் அப்படியே ஒத்துப்போகின்றன. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும், தங்கள் நினைவில் இருந்த வாத்தியத்தைக் கிடைத்த பொருளை வைத்துச் செய்துகொண்டார்கள். அதுதான் பேஞ்சோ.

19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய 'மின்ஸ்ட்ரெல்' மேடைகளில் பேஞ்சோ புகழ்பெற்றது. காலப்போக்கில் அது வெள்ளை மலைவாசிகளின் வாத்தியம் என்றே பதிந்துவிட்டது.

பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டெம்' பாட்டு ஒரு பேஞ்சோவோடு தொடங்குகிறது. வாசிப்பவர் ரியானன் கிட்டன்ஸ். வட கரோலினாவைச் சேர்ந்த இவர், ஜோ தாம்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரிடம் போய் உட்கார்ந்து பழைய பாட்டுகளைக் கற்றுக்கொண்டவர். பேஞ்சோவின் ஆப்பிரிக்க வேரை மேடை மேடையாகச் சொல்லிவருபவர். இத்தனை பேஞ்சோக்காரர்கள் இருக்க அவரைத் தேடிக் கூப்பிட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பாட்டின் முதல் சில நொடிகளிலேயே ஆல்பம் தன் வாதத்தை வைத்துவிடுகிறது.

பக்கத்தில் நின்றும் படத்தில் இல்லாதவர்கள்

கன்ட்ரியின் வரலாற்றில் கறுப்பினக் கலைஞர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். நான்கு பேரை மட்டும் சொல்கிறேன்.

டிஃபோர்ட் பெய்லி. நாஷ்விலின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி 'கிராண்ட் ஓல் ஆப்ரி' 1927 டிசம்பரில் அந்தப் பெயரைப் பெற்ற இரவில், பெயர் சூட்டுவதற்குச் சற்று முன் வாசித்தவர் இவர். மௌத் ஆர்கனில் ரயில் ஓடும் சத்தத்தைக் கொண்டுவருவார். 1941-இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். அப்புறம் அதே நாஷ்விலில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005-இல். இறந்து 23 ஆண்டு ஆகியிருந்தது.

ரே சார்ல்ஸ். 1962-இல் கன்ட்ரிப் பாட்டுகளைத் தன் பாணியில் பாடி ஓர் ஆல்பம் போட்டார். அது பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 14 வாரம் முதலிடம். 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' ஐந்து வாரம் நாட்டின் முதல் பாட்டு. கன்ட்ரி பட்டியலில் மட்டும் அதற்கு இடமே இல்லை. இந்த இடத்தில் 2024-இன் கதை கிட்டத்தட்ட ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டது.

சார்லி பிரைட். கதவைத் திறந்து உள்ளே போனவர். 29 பாட்டுகள் கன்ட்ரி பட்டியலில் முதலிடம், 1971-இல் கன்ட்ரி சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது. ஆனால் 1966-இல் அவருடைய முதல் தட்டை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது கம்பெனி அவர் புகைப்படத்தை வைக்காமல்தான் அனுப்பியது.

லிண்டா மார்ட்டெல். 1969-இல் ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண். 1970-இல் ஓர் ஆல்பம் வந்தது. ஒரு பாட்டு கன்ட்ரி பட்டியலில் 22-ஆம் இடம் வரை ஏறியது. அவரை ஒப்பந்தம் செய்திருந்த கம்பெனியின் பெயர் 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'. அடிமைகளைக் கட்டிவைத்து வேலை வாங்கிய தோட்டத்துக்கு அமெரிக்கர்கள் சொல்லும் அதே சொல்! ஒரு கறுப்பினப் பெண்ணின் முதல் இசைத்தட்டின் நடுவே அந்தச் சொல் அச்சாகியிருந்ததை யோசித்துப் பாருங்கள். மேடையில் நின்றால் கூட்டத்திலிருந்து வசவு வரும். அந்த ஒரே ஆல்பத்தோடு அவருடைய நாஷ்வில் வாழ்க்கை முடிந்தது.

2016-இல் நடந்தது

பியான்சே டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் 1981-இல் பிறந்தவர். அந்த ஊரில் ஆண்டுதோறும் மாட்டுச் சந்தையும், கௌபாய்களின் சாகசப் போட்டியான ரோடியோவும் பெரிய திருவிழா. கௌபாய் தொப்பியும் பூட்சும் கறுப்பினக் குடும்பங்களுக்கும் சொந்தம். கால்நடைகளை ஓட்டிச் சென்ற பழைய கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. திரையில் நாம் பார்த்த கௌபாய்கள் எல்லாரும் வெள்ளையர்கள் என்பது ஹாலிவுட்டின் வேலை.

2016-இல் அவர் 'டாடி லெசன்ஸ்' என்று கன்ட்ரி பாணியில் ஒரு பாட்டுப் பாடினார். அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி கன்ட்ரி இசைச் சங்கத்தின் 50-ஆவது விருது விழாவில், டிக்ஸி சிக்ஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட பெண்கள் கன்ட்ரிக் குழுவோடு சேர்ந்து அதை மேடையேற்றினார். அரங்கத்தில் எழுந்து ஆடியவர்களும் உண்டு. ஆனால் அன்றிரவே சமூக வலைதளங்களில் 'இவருக்கு இங்கே என்ன வேலை' என்ற வசவு குவிந்தது. கிராமிக்கு கன்ட்ரி பிரிவில் அந்தப் பாட்டை அனுப்பியபோது தேர்வுக் குழு நிராகரித்தது என்ற செய்தியும் பிறகு வெளிவந்தது.

2024 மார்ச்சில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதிய குறிப்பில், தன்னை வரவேற்காத ஓர் இடத்தில் பல ஆண்டுக்கு முன் கிடைத்த அனுபவத்திலிருந்துதான் இந்த ஆல்பம் பிறந்தது, உருவாக ஐந்து ஆண்டுக்குமேல் ஆனது என்றார். எந்த இடம் என்று பெயர் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு அந்த 2016 இரவுதான் நினைவுக்கு வந்தது.

ஆல்பத்துக்குள் என்ன இருக்கிறது?

2024 மார்ச் 29-ஆம் தேதி வெளிவந்த 'கௌபாய் கார்ட்டர்', அவருடைய எட்டாவது ஸ்டூடியோ ஆல்பம். 2022-இல் வந்த 'ரினசான்ஸ்' தொடங்கிவைத்த மூன்று பாகத் திட்டத்தில் இது இரண்டாவது. மொத்தம் 27 தடங்கள். இடையிடையே கன்ட்ரியின் மூத்த நட்சத்திரங்களான வில்லி நெல்சன், டாலி பார்ட்டன், அவர்களோடு லிண்டா மார்ட்டெல் என மூவரும் வானொலி அறிவிப்பாளர்களைப் போல வந்து பேசுகிறார்கள். டெக்சஸில் ஓர் இரவுநேர எஃப்.எம். கேட்பதுபோல ஆல்பம் முழுக்கக் கட்டப்பட்டிருக்கிறது.

தலைப்பில் உள்ள 'கார்ட்டர்' அவருடைய கணவர் வழிக் குடும்பப்பெயர். அதோடு, 1927-இல் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாகப் பதிவாகி கன்ட்ரியின் முதல் குடும்பம் என்று கொண்டாடப்படும் கார்ட்டர் குடும்பத்தின் பெயரும் அதுதான். அந்தக் குடும்பத்தின் தலைவர் ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது கூடவே போய், பாட்டை மனத்தில் வாங்கி வந்து வாசித்துக் காட்டியவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார்க்காரர். இந்தக் கதை தெரிந்தவர்களுக்குத் தலைப்பின் கனம் கூடும்.

எல்லாத் தடங்களும் கன்ட்ரியா? இல்லை. ராக் இருக்கிறது, ராப் இருக்கிறது, கிளப் நடனத் தாளம் இருக்கிறது, ஒரு பாட்டின் நடுவே 18-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கீதம்கூட வருகிறது. கன்ட்ரி வாடை பலமாக வீசும் பாட்டுகள் கணிசம், ஆனால் அவை மட்டுமே ஆல்பம் இல்லை.

கன்ட்ரியா என்று தீர்மானிக்கும் நான்கு இடங்கள்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஒரு பாட்டு கன்ட்ரியா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அமெரிக்காவில் ஓர் ஆளிடம் இல்லை. நான்கு இடங்கள் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றும் வைத்திருக்கும் அளவுகோல் வேறு.

1. பில்போர்ட் பட்டியல். 2012 அக்டோபர் முதல் 'ஹாட் கன்ட்ரி சாங்ஸ்' பட்டியலில் விற்பனை, ஸ்ட்ரீமிங், எல்லா வகை வானொலி ஒலிபரப்பு மூன்றையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஒரு பாட்டை அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பது மட்டும் பத்திரிகையின் முடிவு. சேர்த்துவிட்டால் அப்புறம் மக்கள் கேட்கும் எண்ணிக்கைதான் பேசும். 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டை, போதிய கன்ட்ரி அம்சம் இல்லை என்று சொல்லிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்; பெரிய சர்ச்சையாயிற்று. 2024-இல் 'டெக்சஸ் ஹோல்டெம்' பாட்டைச் சேர்த்தார்கள். அது நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. கறுப்பினப் பெண் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல்முறை. கன்ட்ரி, ஆர் அண்ட் பி என்ற இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் கண்ட முதல் பெண்ணும் அவரே. 1920-களில் பிரித்துவைத்த இரண்டு அலமாரிகள் என்று முன்பு சொன்னேனே, அவைதான் இவை.

2. கன்ட்ரி வானொலி. இங்கே நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநர்கள்தான் முடிவெடுக்கிறார்கள். தங்கள் நேயர் யார், எதைக் கேட்டால் வேறு நிலையத்துக்கு மாறிவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. புதிதாக வரும் பாடகர்கள் ஊர் ஊராகப் போய் நிலையங்களில் முகம் காட்டுவது நெடுநாள் வழக்கம். பேட்டி கொடுப்பதையே பல ஆண்டாகக் குறைத்துக்கொண்ட பியான்சே அந்த வழியில் போகிறவர் இல்லை. 2024 பிப்ரவரியில் ஓக்லஹோமாவில் ஒரு நேயர் இந்தப் பாட்டைப் போடச் சொல்லி ஒரு நிலையத்தைக் கேட்டபோது, நாங்கள் கன்ட்ரி நிலையம், பியான்சே பாட்டுப் போடுவதில்லை என்று பதில் வந்தது. பதில் வலைதளத்தில் பரவி எதிர்ப்பு குவிந்ததும் பாட்டைப் போட்டார்கள். பெண் பாடகிகளுக்கே அந்த அலைவரிசையில் இடம் குறைவு. 2015-இல் ஒரு வானொலி ஆலோசகர், கன்ட்ரி வானொலி என்ற சாலட்டில் ஆண்கள்தான் கீரை, பெண்கள் இடையிடையே போடும் தக்காளி என்று வெளிப்படையாகவே சொன்னார். பெண், அதிலும் கறுப்பினப் பெண் என்றால் தடை இரட்டிப்பு.

3. கன்ட்ரி இசைச் சங்கம். சி.எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அமைப்பு 1958-இல் தொடங்கியது. வாக்களிப்பவர்கள் கன்ட்ரித் தொழிலில் இருப்பவர்கள். இங்கே ஒலியைவிட உறவுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு. அதே 2024-இல் போஸ்ட் மலோன் என்ற பாப், ராப் பாடகர் கன்ட்ரிக்கு வந்தார். அவருக்கு நான்கு பரிந்துரை கிடைத்தது. அவர் நாஷ்வில் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து எழுதினார், அந்த ஊர் நட்சத்திரங்களோடு சேர்ந்து பாடினார். பியான்சே நாஷ்விலிடம் அனுமதி கேட்காமல் ஆல்பத்தைச் செய்து, நாஷ்விலின் பழைய கணக்கையும் அதில் எழுதிவைத்தார். கிடைத்த பரிந்துரை பூஜ்யம்.

4. கிராமி. 2025 விழாவில் இங்கே வாக்காளர்கள் சுமார் 13,000 பேர், பலவகை இசைத் துறைகளையும் சேர்ந்தவர்கள். கன்ட்ரிப் பிரிவிலும் கன்ட்ரித் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களின் கை ஓங்க வாய்ப்பு உண்டு. 11 பரிந்துரை, மூன்று விருது. மூன்றாவது, பாப் பாடகி மைலி சைரஸோடு பாடிய 'டூ மோஸ்ட் வான்டட்' பாட்டுக்கு. கன்ட்ரி இருவர் அல்லது குழுப் பிரிவில் இதற்கு முன் வென்ற கறுப்பினப் பெண்கள் பாயின்டர் சிஸ்டர்ஸ், அது 1975-இல்.

ஆக, முரண்பட்ட நான்கு பதில்களில் எதுவும் பொய் இல்லை. மக்கள் கேட்டதை ஒருவர் எண்ணினார். நேயரை இழக்கும் பயத்தை ஒருவர் எண்ணினார். எங்கள் ஆளா என்று ஒருவர் பார்த்தார். வெளியிலிருந்து ஒருவர் தீர்ப்புச் சொன்னார். 'கன்ட்ரி' என்ற ஒரே சொல்லால் நால்வரும் பேசியதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

எதிர்த்தரப்பில் நியாயம் உண்டா?

கொஞ்சம் உண்டு. நாற்பது ஆண்டு ஒரே இசையில் உழைத்தவர்கள் இருக்கும்போது, உலகப் புகழோடு வெளியிலிருந்து வருபவர் ஒரே ஆல்பத்தில் உச்சி விருதைக் கொண்டுபோவது வலிக்கும். ஆல்பத்தின் பல தடங்கள் எந்த அளவுகோலாலும் கன்ட்ரி இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சொல்பவர்கள் எல்லாரும் நிறவெறியர்கள் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் 'தூய்மை' வாதம் மட்டும் நிற்காது. 2012-13-இல் ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் என்ற இருவர் குழுவின் 'க்ரூஸ்' பாட்டு, நெல்லி என்ற ராப் பாடகர் சேர்ந்து பாடிய வடிவத்தின் தயவில் கன்ட்ரி பட்டியலில் மொத்தம் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்போது நாஷ்வில் அதைத் தன் பாட்டு என்றே வைத்துக்கொண்டது. கணினித் தாளமும் ராப் நடையும் கன்ட்ரிக்குள் வந்து பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிறது. கலப்படம் அங்கே பிரச்சினையாக இல்லை. யார் கலக்கிறார் என்பதைப் பொறுத்தே பிரச்சினையாகிறது.

அப்புறம் என்ன மாறியது?

விருது முடிந்து நான்கு மாதத்தில், 2025 ஜூனில், கிராமியை நடத்தும் அமைப்பு சிறந்த கன்ட்ரி ஆல்பம் பிரிவை இரண்டாக்கியது. ஒன்று 'தற்காலக் கன்ட்ரி', இன்னொன்று 'மரபுக் கன்ட்ரி'. கன்ட்ரித் துறைக்காரர்கள் கேட்டுக்கொண்ட மாற்றம் இது என்று அமைப்பின் தரப்பில் விளக்கம் வந்தது. ஆர் அண்ட் பி போன்ற பிரிவுகளில் மரபு என்ற தனி விருது ஏற்கெனவே இருப்பதால் அந்த விளக்கத்தை ஒதுக்க முடியாது. ஆனாலும் பியான்சே வென்ற அதே ஆண்டே நடந்ததால் சந்தேகம் எழுந்ததும் இயல்பு.

கூடப் பாடியவர்களுக்குக் கிடைத்தது கண்ணுக்குத் தெரியும் பலன். இரண்டு தடங்களில் வரும் கறுப்பினப் பாடகர் ஷபூஸி, அடுத்த சில மாதத்தில் தன் சொந்தப் பாட்டு 'எ பார் சாங்' மூலம் அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடம் பிடித்தார். சி.எம்.ஏ. விழாவில் பியான்சேக்குக் கிடைக்காத பரிந்துரை அவருக்கு இரண்டு கிடைத்தது.

2025 ஏப்ரல் முதல் ஜூலை வரை நடந்த 32 கச்சேரிகளில் வசூல் 40 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பயணத்தின் பெயரில் 'சிட்லின் சர்க்யூட்' என்ற சொல் வருகிறது. வெள்ளையர் அரங்குகளில் அனுமதி இல்லாத காலத்தில் கறுப்பினக் கலைஞர்கள் பாடிப் பிழைத்த சிறு அரங்குகளின் வரிசைக்கு அதுதான் பெயர்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

27 தடங்களையும் ஒரே மூச்சில் கேட்டால் திகட்டும். இந்த வரிசையில் கேட்டால் மேலே சொன்னது காதுக்கே புரியும்:

1. 'டெக்சஸ் ஹோல்டெம்': தொடக்கத்தில் வரும் பேஞ்சோவில் அந்தக் குட்டைத் தந்தியைக் கவனியுங்கள்.

2. '16 கேரியேஜஸ்': ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் ராபர்ட் ராண்டால்ஃப். கறுப்பின தேவாலயங்களில் வழிபாட்டுக்கு ஸ்டீல் கிட்டார் வாசிக்கும் மரபில் வளர்ந்தவர். கன்ட்ரியின் முத்திரை ஒலி இங்கே தேவாலயத்திலிருந்து வருகிறது.

3. 'பிளாக்பேர்ட்': பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1968-இல் எழுதியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை நினைத்து எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். பியான்சேயோடு நான்கு இளம் கறுப்பினக் கன்ட்ரிப் பாடகிகள் சேர்ந்து பாடுகிறார்கள்.

4. 'ஜோலீன்': டாலி பார்ட்டனின் பழைய பாட்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், என் புருஷனை விட்டுவிடு என்று கெஞ்சுவாள். இங்கே அதே மெட்டில் எச்சரிக்கை விடுகிறாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

5. 'ஸ்பகெட்டி': பாட்டு ராப்தான். ஆனால் தொடக்கத்தில் ஒரு வயதான பெண்மணி, இசையை வகை பிரிப்பது என்ன விசித்திரம் என்று நிதானமாகப் பேசுவார். அது லிண்டா மார்ட்டெல். இந்தத் தடத்துக்காக 2024 நவம்பரில் அவர் பெயரும் கிராமி பரிந்துரைப் பட்டியலில் வந்தது, அவருடைய வாழ்நாளில் முதல்முறையாக. அப்போது அவருக்கு வயது 83.